உப்புக்காற்றும் ஒரு லிட்டர் கம்ப்யூட்டரும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொரு கருவியும் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பர். "ஆன் ஆகுது, ஆனா டிஸ்ப்ளே வரல" என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தால், மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றுவார். ரேமை உருவுவார். அதன் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பற்களை ரப்பரால் அழுந்தத் தேய்ப்பார். ஊதிவிட்டு மறுபடி சொருகுவார். பல நேரம் திரை அப்படியே உயிர்பெற்றுவிடும்.

அந்த ரப்பர் எதை அழிக்கிறது? பதிலை அடுக்களையில் உள்ள உப்பு ஜாடியிலேயே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் கல்லுப்பு கசிந்து ஜாடியின் அடியில் நீர் கட்டியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து, உப்புத் துகளாக ஊருக்குள் வருகின்றன. கம்ப்யூட்டரின் விசிறி பகல் முழுவதும் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. தூசியோடு உப்பும் படிகிறது. இரவில் அணைத்ததும் பெட்டி குளிர்கிறது, படிந்த உப்பு ஈரத்தைப் பிடிக்கிறது.

ரேமின் பற்களில் பூசிய தங்கம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. நம் தலைமுடி அதைவிடப் பல பத்து மடங்கு தடிமன். அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக உப்புநீர் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தொடுகிறது. தங்கமும் செம்பும் உப்புநீரில் ஒன்றாக நின்றால் அது ஒரு சிறு மின்கலம், அதில் கரைவது செம்பு. கரைந்த செம்பின் உப்பு மேலே கசிந்து, மின்சாரத்தைத் தடுக்கும் படலமாகப் படர்கிறது. ரப்பர் தேய்த்தெடுப்பது அந்தப் படலத்தை. தேய்க்கத் தேய்க்கத் தங்கமும் கொஞ்சம் போய்விடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதே நல்லது என்றாலும், அவசரத்துக்கு ரப்பர்தான் கையருகில் இருக்கிறது.

"குறைந்த விலையில் நல்ல கம்ப்யூட்டர் எது?" என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரப்பர். கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் புராசஸரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நம் ஊரில் ஒரு கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கும் உப்பு, ஈரம், மின்வெட்டு, புயல் எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. நம்மைக் காக்கவைப்பது எந்தப் பாகம் என்பதும் அதில் இருக்காது.

2024 மே மாதம் சிதம்பரத்திலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தார். அக்கா அண்ணாமலை நகரில் வீட்டிலேயே டிடிபி செய்கிறவர். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஜெராக்ஸ், பைண்டிங், டிடிபி என்று ஒரு சிறு தொழிலே வளர்ந்திருக்கிறது. ஆய்வு மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் இயல்களைத் தட்டச்சிட்டு, பிழைதிருத்தி, பக்கம் அமைத்து, பைண்டிங்குக்கு அனுப்பும் வரை அவர்களோடு சேர்ந்து பதற்றப்படுகிற தொழில் அது.

"தம்பி, கம்ப்யூட்டர் மாத்தணும்ப்பா. காலைல ஆன் பண்ணிட்டு, வாசல் தெளிச்சிக் கோலம் போட்டுட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சிக் குடு."

"என்னென்ன வேலைக்கா அதுல?"

"வேர்டு, பிடிஎஃப், யுனிவர்சிட்டி வெப்சைட்டு, பேங்க். எப்பவாச்சும் போட்டோ சரிபண்றது. கடையில கேட்டா ஐ7 போட்டாத்தான் ஸ்பீடு வரும்ன்றாங்க. இல்லாட்டி லேப்டாப்பா வாங்கிக்கச் சொல்றாங்க."

"நான் ஒருதரம் வந்து பாத்துட்டுச் சொல்றேங்க்கா. அதுவரைக்கும் எதுக்கும் அட்வான்ஸ் குடுத்துராதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பையில் ஒரு வாட் மீட்டர் மட்டும் எடுத்துக்கொண்டேன். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே சொருகினால் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் சிறு கருவி. கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தைத் தட்டிவிட்டு அக்காவின் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். வேர்டு திறந்து ஓர் எழுத்து தட்டும் நிலைக்கு வர 6 நிமிடம் 40 நொடி ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் டாஸ்க் மேனேஜரில் புராசஸர் 10, 15 சதவீதத்தில் சும்மா இருந்தது. ஹார்ட் டிஸ்க் 100-இல் முட்டிக்கொண்டு நின்றது.

ஐ7 வாங்கச் சொன்னவர்கள் பார்க்காமல் விட்ட இடம் இதுதான். சும்மா இருக்கிற ஆளை மாற்றிவிட்டு இன்னும் வேகமான ஆளை உட்காரவைத்தாலும், அவரும் சும்மாதான் இருப்பார்.

ஹார்ட் டிஸ்க் ஏன் திணறுகிறது என்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் நடராசரின் தேர் நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறது. மேல வீதியில் நிற்பவர் தேர் தன் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போதுதான் கடந்து போனது என்றால் ஒரு முழுச் சுற்று வரும்வரை நிற்க வேண்டும். ஹார்ட் டிஸ்கின் உள்ளே இருக்கும் தட்டும் அப்படித்தான். நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல் படிக்கும் தலைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு: 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், அதற்கு 9 மில்லிநொடி அளவில் ஆகும். ஒரு தகவலுக்கு மொத்தம் 13 மில்லிநொடி. நொடிக்கு ஏறத்தாழ 75 தகவல்கள்.

கேட்க 75 பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் எழும்போதும், ஆன்டிவைரஸ் விழிக்கும்போதும், பிரவுசர் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகள் தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 20,000 முறை என்று வைத்துக்கொண்டால் நாலரை நிமிடம். ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. சிலிக்கான் செல்களில் அடைபட்ட மின்னூட்டத்தை நேரே போய்ப் படிக்கிறது. ஒரு தகவலுக்கு 0.1 மில்லிநொடி என்றாலும் அதே 20,000 தகவல்கள் 2 நொடியில் வந்து நிற்கும். நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்தத் தாவல் புராசஸர் மாற்றத்தால் வரவே வராது. இன்றைக்கு மேசை வேலைக்கான கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது ரேம். அக்காவிடம் இருந்தது 2 ஜிபி. ஒரு பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பினால் கம்ப்யூட்டர் நின்றுபோவதில்லை. ரேமில் இருப்பதில் ஒரு பகுதியைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு இடம் பண்ணிக்கொள்கிறது. வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. அதாவது மறுபடியும் தேருக்குக் காத்திருப்பு. அக்காவின் வேலைக்கு 8 ஜிபி போதும், 16 இருந்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை.

ரேமைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம்தான். அது ஒழுகிக்கொண்டே இருக்கும், ஓட்டைச் சொம்பில் நீர் பிடித்தது போல. அதனால் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். மின்சாரம் போன கணத்தில் சேமிக்காத பக்கங்கள் மறைவது இதனால்தான். ஒற்றை டிரான்சிஸ்டரும் ஒற்றை மின்தேக்கியும் கொண்ட இந்த அமைப்புக்கு 1968-இல் காப்புரிமை பெற்றவர் ஐபிஎம்-இல் இருந்த ராபர்ட் டென்னார்ட்.

அதே டென்னார்டின் இன்னொரு கண்டுபிடிப்பில்தான் பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், அதனால் சூடு கூடாமல் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று 1974-இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். முப்பது வருடம் அந்தப் பாதையில் தொழில் ஓடியது. அதனால்தான் 1998-இல் வாங்கிய கம்ப்யூட்டர் 2004-இல் எதற்கும் உதவாமல் போயிற்று. 2004-இல் பென்டியம் 4 புராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதற்குமேல் மின்னழுத்தத்தைக் குறைக்க முடியவில்லை. அணைத்துவைத்த டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசிந்தது, சூடு தாங்கவில்லை. வேகத்தின் ஓட்டம் அங்கே தளர்ந்தது. பிறகு வந்த முன்னேற்றம் பெரும்பாலும் ஒரே சில்லில் பல மூளைகளை வைப்பதிலும், ஒவ்வொரு மூளையும் ஒரு துடிப்பில் கூடுதல் வேலை செய்வதிலும், மின்சாரத்தைச் சேமிப்பதிலும் இருந்தது. வேர்டில் ஒரு பக்கம் தட்டுகிறவருக்கு ஆறு மூளையும் பத்து மூளையும் ஒன்றுதான். ஐந்தாறு வருடப் பழைய புராசஸர் இன்று அவரைக் காக்கவைப்பதில்லை.

பெயரை நம்பி வாங்குவதில் உள்ள சிக்கலும் இதில் புரியும். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்து வரிசையில் ஓர் இடத்தைக் குறிக்கிறதே தவிர வேகத்தின் அளவு இல்லை. 2023-இல் இன்டெல் கொண்டுவந்த என்100 என்ற சிறு புராசஸரின் வெப்ப வரம்பு வெறும் 6 வாட். 2015-இன் ஐ5-6500-க்கு அது 65 வாட். மேசை வேலையில் சிறியது பெரியதற்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கிறது. "ஐ7" என்ற ஒட்டுவில்லையை மட்டும் பார்த்து 2011-ஆம் ஆண்டின் பெட்டியை வாங்கிவந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏமாந்தது தங்கள் அறியாமையால் இல்லை. விற்பவர் சொல்லியிருக்க வேண்டிய தலைமுறை எண்ணை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அக்காவுக்கு நாங்கள் முடிவு செய்தது, அலுவலகங்களில் குத்தகைக்கு ஓடிவிட்டுத் திரும்பி வரும் சிறு கம்ப்யூட்டர்களில் ஒன்று. டெல், லெனோவோ, ஹெச்பி மூன்றுமே இந்த வகையைச் செய்கின்றன. 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் உயரம், கொள்ளளவு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். மூன்று, நான்கு வருடம் ஓடியதும் நிறுவனங்கள் இவற்றை மொத்தமாகக் கழிக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐ5-8500டி என்ற எட்டாம் தலைமுறைப் புராசஸர், ஆறு மூளை, 35 வாட் வரம்பு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 12,500 ரூபாய்க்குக் கிடைத்தது. 21.5 அங்குல மானிட்டர் புதிதாக 6,500, கீபோர்டும் மவுஸும் 900, யுபிஎஸ் 2,900. ஆக 22,800. மிச்சத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கு அக்கா கொஞ்சம் கைக்காசு போட்டுக்கொண்டார்.

பழையது வாங்குகிறவர் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை சில உண்டு. பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பதை அதுவே கணக்கு வைத்திருக்கும், இலவச மென்பொருள்கள் அதைக் காட்டிவிடும். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே செம்பு கரைந்த பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊரில் ஓடிய பெட்டியை அது காட்டிக்கொடுத்துவிடும். அடாப்டர் அந்த நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும்.

எட்டாம் தலைமுறை என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தப்போவதாக அப்போதே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்ற ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் நல்ல நிலையில் இருந்தும் விலை சரிந்தன. லினக்ஸ் பழகத் தயாராக இருப்பவர்களுக்கு அவைதான் இன்று உண்மையான மலிவு. நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவை 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் கொண்டவை. அவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே இதையெல்லாம் கற்றுத்தருகிறது. என் உறவினர் வீட்டில் அப்படியொரு அரசு மடிக்கணினி, எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்ட பிறகு, லினக்ஸில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவால் அப்படி மாற முடியவில்லை. ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் கோப்புகளும் பழைய எழுத்துரு மென்பொருள்களும் விண்டோஸைச் சேர்ந்தவை.

எழுத்துரு என்றதும் மானிட்டரைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழ் தட்டச்சிடுகிறவர் செலவில் கைவைக்கக் கூடாத இடம் அது. "கி"க்கும் "கீ"க்கும் உள்ள வேறுபாடு மேல்விலங்கின் முனையில் ஒரு சிறு சுழி. "க"வுக்கும் "க்"குக்கும் உள்ளது ஒரு புள்ளி. ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து அதே உயரத்துக்குள் கூடுதல் நுணுக்கத்தை அடைக்கிறது. அக்காவின் பழைய மானிட்டர் 18.5 அங்குலம், 1366-க்கு 768 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 85 புள்ளி, ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர். புதியது 1920-க்கு 1080. அங்குலத்துக்கு 102, ஒவ்வொன்றும் 0.25 மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள கண் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 0.17 மில்லிமீட்டர் வரை பிரித்தறியும். அதாவது இரண்டுமே கண்ணின் திறனை எட்டவில்லை, ஆனால் புதியது அதைச் சற்று நெருங்கி வருகிறது. "24 அங்குலமா வாங்கிக்கலாமே" என்று அக்கா கேட்டார். அதே 1920 புள்ளிகளை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 92-தான் கிடைக்கும். நெருங்கி உட்கார்ந்து பிழை பார்க்கிறவருக்குச் சிறியதே கூர்மை. உயரத்தில் 768-க்குப் பதில் 1080 புள்ளிகள் வந்ததால் ஒரே பார்வையில் தெரியும் வரிகள் நாற்பது சதவீதம் கூடின. அதுதான் அக்காவுக்கு முதல் நாளே பிடித்துப்போனது.

லேப்டாப்பை நான் வேண்டாமென்றதும் உடம்பை நினைத்துத்தான். அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை நாளைக்கு எட்டு மணி நேரம் முன்னால் சாய்த்தபடி பிடித்திருக்கும் தசைகள் நாளடைவில் வலிக்காமல் என்ன செய்யும்? மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர, அக்கா பைண்டிங் செய்த பழைய ஆய்வேட்டுப் பிரதிகள் இரண்டை அடியில் வைத்தார். சரியாக ஏழு சென்டிமீட்டர்.

மின்சாரத்துக்கு வருகிறேன். வாட் மீட்டரில் பழைய கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 90 வாட் காட்டின. புதியவை சேர்ந்து 35. நாளைக்கு எட்டு மணி நேரம், மின்கட்டணம் போடும் இரண்டு மாதத்துக்கு 60 நாள் என்று கணக்கிட்டால் பழையது 43 யூனிட், புதியது 17. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும் கட்டணம் என்ற அன்றைய முறையில் அந்த 26 யூனிட் ஒரு சிறு குடும்பத்துக்குக் கணிசமானது.

அதைவிடப் பெரிய லாபம் யுபிஎஸ்ஸில். சாதாரண யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 90 வாட்டுக்கு முக்கால் மணிக்கு மேல் தாங்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் தாங்காது. அந்த 7 என்ற எண் இருபது மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைப்பது. அவசரமாக உறிஞ்சினால் அமிலம் தகட்டின் உள்துளைகளுக்குள் ஊறிவரும் வேகம் போதாமல், பாதி சக்தி உள்ளேயே தங்கிவிடுகிறது. பழைய கம்ப்யூட்டருக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. 35 வாட்டுக்கு அதே பேட்டரி ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே குறைந்ததில் காப்பு நேரம் மூன்று மடங்கானது.

இன்னொன்றும் அங்கே கண்ணில் பட்டது. பழைய பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் மூன்று துளை இருந்தது, எர்த் கம்பி மட்டும் இல்லை. கம்ப்யூட்டரின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் பெட்டியின் உடலோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் உடல் 230 வோல்ட்டில் பாதியில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஒரு காப்புறை கிழிந்தால் அதே பெட்டி உயிரை எடுக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இழுக்க 1,800 ரூபாய் ஆயிற்று. கம்ப்யூட்டர் வாங்கும் பட்ஜெட்டில் இதை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சமிருந்தது வெளி ஹார்ட் டிஸ்க். அதன் தேவையை அக்காவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்தப் புயலில் அக்கா வீட்டு ஓட்டுச் சாய்ப்பு பறந்து முதல் கம்ப்யூட்டர் நனைந்தது. அதற்குள் மூன்று ஆய்வேடுகள் இருந்தன. ஒரே ஒரு பிரதி. அந்த மாணவர்களில் ஒருவருக்கு மறுபடி தட்டச்சிட்டுக் கொடுக்க அக்கா மூன்று மாதம் இரவில் உட்கார்ந்தார், காசு வாங்கவில்லை.

ஏடுகளை இழப்பது என்றால் என்னவென்று சிதம்பரத்துக்குத் தெரியும். தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் பூட்டிய அறைக்குள் கறையான் புற்றுக்கு நடுவே கிடந்ததையும், ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது ஒரு பகுதியே மிஞ்சியிருந்ததையும் மரபு சொல்கிறது. பனையோலைக் காலத்தில் அழிவதற்குள் பெயர்த்தெழுதிக்கொண்டே இருப்பதுதான் ஒரே காப்பு. எஸ்எஸ்டிக் காலத்திலும் அதுவேதான். மின்னூட்டத்தை அடைத்துவைத்திருக்கும் அதன் செல்களும் மெல்லக் கசிகின்றன. எழுதும் ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் கிடந்தால் ஓராண்டுக்குத் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் தர அளவு. நம் வெயிலில் பூட்டிய அலமாரி அதைவிடச் சூடு. அதனால் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அக்கா கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று வைத்துக்கொள்கிறார். மூன்றாவது இணையத்தில் இருக்கிறது.

மழைக்காலத்துக்கு அவர் ஒரு வழக்கமும் ஏற்படுத்திக்கொண்டார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிடுவார். உள்ளே வெப்பம் சில டிகிரி ஏறினாலே அங்கே ஈரப்பதம் இறங்கிவிடுகிறது, படிந்த உப்பு பிடித்த ஈரமும் குறைகிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அண்ணாமலை நகரில் உப்பு கடலூர் முதுநகர் அளவுக்கு இல்லை. இருந்தாலும் கொள்ளிடத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

2024 நவம்பர் கடைசியில் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். ஃபெஞ்சல் வந்துகொண்டிருந்தது. நான் போன் செய்தபோது அக்கா எல்லாம் முடித்திருந்தார்.

"நாலு ஒயரத்தான புடுங்கணும் தம்பி. பெட்டிய பாலித்தீன் பையில சுத்தி, சிலிக்கா ஜெல் ரெண்டு போட்டு, பிளாஸ்டிக் டப்பால அடச்சிப் பரண்ல ஏத்திட்டேன். டிஸ்கு எங்கூடவே பீரோவுல இருக்கு. நீ உன் வீட்டப் பாரு."

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரை கடந்தது. தென்பெண்ணை பெருக்கெடுத்து எங்கள் பக்கம் ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்து, மின்சாரம் நிலைத்து, அக்கா டப்பாவை இறக்கி நாலு ஒயரையும் சொருகிய அன்று, நானும் போனில் அந்தப் பக்கம் காத்திருந்தேன். பதினெட்டாவது நொடியில் "வந்துருச்சுப்பா" என்றார். யாரோ ஒரு மாணவியின் நான்காம் இயல், விட்ட வரியிலேயே திரையில் நின்றது.